ட்ரிகரைத் தொடும் முன் பிடியைப் பாருங்கள்: ஏர் ரைபிளில் நாம் செய்யும் தவறுகள்

மழைக்காலத்தில்தான் இந்தத் தவறுகள் அதிகம் நடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் மழை பிடித்துக்கொண்டால் நான்கைந்து நாளைக்கு ரேஞ்சுப் பக்கம் போக முடியாது. வீட்டில் ரைபிள் பெட்டி திறந்து கிடக்கும், பக்கத்தில் ஆலன் கீ செட் இருக்கும். கை சும்மா இருக்காது. ட்ரிகர் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே, ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தால் என்ன என்று தோன்றும். அப்படித் திருப்பியவர்களில் நானும் ஒருவன். ஒரு திருகு இல்லை, மூன்று. எதை எவ்வளவு திருப்பினேன் என்று எங்கும் குறித்து வைக்கவில்லை. பழைய நிலைக்குக் கொண்டுவரப் பத்து நாள் ஆனது. வந்தபிறகுதான் தெரிந்தது, கோளாறு ட்ரிகரிலேயே இல்லை. பிடி என் கைக்குப் பெரிது, விரல் ட்ரிகருக்கு எட்டாமல் இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

எந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 10 மீட்டர் போட்டிக்கான 4.5 மி.மீ. ஏர் ரைபிள், அது மட்டும்தான். 2016 ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. பந்தய ரைபிள்கள் ஏழரை ஜூல் பக்கம்தான் இருக்கும். தோட்டா போட்டுச் சுடும் .22 ரைபிள் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அதில் கை வைக்க வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கியைத் தயாரிப்பது, விற்பதோடு மாற்றியமைப்பதையும் பழுதுபார்ப்பதையும் சேர்த்தே சொல்கிறது. அதற்கென்று தனி உரிமம் வேண்டும். வைத்திருக்க உரிமம் உண்டே, பழுதுபார்க்கவும் அதுவே போதும் என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் பெரிய தவறு. திருச்சியில் 1966 முதல் படைக்கலத் தொழிற்சாலை ஓடுகிறது. இரும்பு வேலை தெரிந்த நல்ல கைகளுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. ஆனால் திறமை வேறு, உரிமம் வேறு. உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதேபோல ஏர் ரைபிளில் பலமான ஸ்பிரிங் போட்டு வேகத்தைக் கூட்டும் வேலையும் வேண்டாம். 20 ஜூல் கோட்டைத் தாண்டினால் சட்டத்தின் கண்ணில் அது வேறு பொருள். போட்டியிலும் அதனால் ஒரு லாபமும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பிடியை விட்டுவிட்டு ட்ரிகரில் ஆரம்பிப்பது

ட்ரிகரில் திருகு இருக்கிறது, பிடியில் இல்லை. அதனால்தான் எல்லோரும் ட்ரிகரில் ஆரம்பிக்கிறார்கள். பிடியை மாற்ற அரமும் உப்புத்தாளும் பொறுமையும் வேண்டும். ஆனால் சுட்டுவிரல் எங்கே, எந்தக் கோணத்தில் வந்து நிற்கும் என்பதை முடிவு செய்வது பிடிதான். விரலின் முதல் கணுவுக்கு மேலே உள்ள சதைப்பகுதி ட்ரிகரின் நடுவில் பதிய வேண்டும். விரல் நேராகப் பின்னோக்கி வர வேண்டும். விரலின் அடிப்பாகம் கட்டையைத் தொடாமல் இருக்க வேண்டும். பிடி தடித்திருந்தால் விரல்நுனிதான் எட்டும், அப்போது இழுப்பு பக்கவாட்டில் போகும். பிடி மெலிந்திருந்தால் விரல் அதிகமாக உள்ளே போய்க் கட்டையை உரசும். இரண்டு நிலையிலும் ட்ரிகர் இறுக்கமாக இருப்பதுபோலவே தோன்றும். 10 மீட்டர் இலக்கில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. பக்கவாட்டு இழுப்பு கொஞ்சம் இருந்தாலே அது போதும், குண்டு புள்ளியை விட்டுப் போய்விடும்.

ஆகவே முதலில் கை, அப்புறம் விசை. பிடி சரியானதும் ட்ரிகர் அலகை அதன் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலான பந்தய ரைபிள்களில் இந்த வசதி உண்டு. பல பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். ட்ரிகரை இழுக்கும் பலத்தை மாற்றும் எடைத் திருகைத் தொடவே வேண்டியிருக்காது.

பிடியில் நடக்கும் பெரிய தவறு, எடுத்த எடுப்பில் செதுக்குவது. மரத்தை எடுக்கலாம், திருப்பி வைக்க முடியாது. சுவாமிமலை ஸ்தபதிகள் வெண்கலத்தை ஊற்றும் முன் உருவத்தை மெழுகில் முழுசாக முடித்துக்கொள்கிறார்கள். மெழுகில் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதுதான் காரணம். நமக்கும் அந்த வழிதான். பிடியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, நின்ற நிலையில் உண்மையாகக் குறிவைத்துக்கொண்டு பிடித்துப் பாருங்கள். உட்கார்ந்துகொண்டு பிடித்தால் மணிக்கட்டுக் கோணமே வேறு. நான் முதல் பிடியை நாற்காலியில் உட்கார்ந்தபடி அளவெடுத்துச் செய்தேன். ரேஞ்சில் நின்றபோது மணிக்கட்டு வலித்தது. எங்கே மேடு வேண்டும், எங்கே பள்ளம் வேண்டும் என்று ஒரு வாரம் களிமண்ணில் பார்த்துவிட்டு, அப்புறம் எம்-சீல் மாதிரி எபாக்சி மாவை மெல்லிய அடுக்காக ஏற்றுங்கள். ஒரே நாளில் மொத்தமாக அப்பினால் உள்ளே சரியாகக் கெட்டிப்படாது, ஓரத்தில் பெயரும். செதுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் அசல் பிடியைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, ஆசாரியிடம் கொடுத்து இன்னொன்று செய்துகொள்ளுங்கள். தேய்க்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். வால்நட் மரத்தூள் சிலருக்கு மூச்சையும் தோலையும் பதம் பார்த்துவிடும்.

வளரும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனித் தொல்லை. பதினான்கு வயசுப் பையனின் கை அடுத்த வருஷம் அதே கை இல்லை. அவனுக்காக மரத்தைச் செதுக்கித் தள்ளுவது வீண். ஒட்டி எடுக்கிற மாதிரிதான் செய்ய வேண்டும்.

கிரிக்கெட் மட்டையின் ரப்பர் கிரிப்பை மாட்டுவது நம் ஊரில் ரொம்பச் சாதாரணம். வியர்வைக்கு நல்லது என்பார்கள். ஆனால் அது அமுங்கும். அமுங்குகிற பிடியில் கை ஒவ்வொரு சுடுதலுக்கும் ஒவ்வோர் இடத்தில் உட்காரும். தடிமனும் கூடுவதால் ட்ரிகருக்கான தூரம் மாறிப்போகும். வியர்வைதான் பிரச்சினை என்றால், பிடிக்குப் பளபளவென்று வார்னிஷ் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சொரசொரப்பாக்கினாலே வழுக்கல் நின்றுவிடும்.

இன்னொன்று மரத்தின் குணம். சித்திரையில் தேய்த்துக் கச்சிதமாகப் பொருத்திய பிடி கார்த்திகையில் உப்பிக்கொண்டு நிற்கும். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறவர்கள் பழைய வீட்டு உத்திரத்திலிருந்து கழற்றிய ஆச்சா மரத்தைத் தேடிப் போவது சும்மா இல்லை. நாள்பட்ட மரம் அசையாது. புது மரத்தில் பிடி செய்தால் செதுக்கிய பரப்பு முழுவதையும், உள்ளே திருகு போகும் துளை உட்பட, எண்ணெயோ சீலரோ கொடுத்து மூடுங்கள். வெளிப்பக்கம் மட்டும் பூசிவிட்டு உட்புறத்தை வெறுமனே விட்டால் ஈரம் அந்த வழியாக ஏறும். மழைக்காலத்தில் கட்டைத் திருகுகளின் இறுக்கத்தையும் சரிபாருங்கள். கைப்பலத்தில் முறுக்காமல், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள்.

ட்ரிகருக்கு வரும்போது

பந்தய ட்ரிகர் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதல் கட்டத்தில் விரல் லேசாக நகரும், பிறகு ஒரு சுவரில் முட்டியதுபோல நிற்கும். அந்தச் சுவரைத் தாண்டினால் சுடும். மூன்று விஷயங்களுக்குத் தனித்தனித் திருகுகள் உண்டு: முதல் கட்டத்தின் நீளம், இரண்டாம் கட்டத்தின் எடை, சுட்ட பிறகு ட்ரிகர் நிற்கும் இடம் என்று. சில மாடல்களில் சியர் (விசையைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) எவ்வளவு ஆழம் பிடித்திருக்கிறது என்பதற்கும் ஒரு திருகு இருக்கும். கையேட்டைப் பார்த்து எது எது என்று தெரிந்துகொண்ட பிறகே கை வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு திருகு, அதுவும் கால் சுற்று. தொடங்கும் முன் நெயில் பாலிஷால் திருகுத் தலையிலும் பக்கத்து உலோகத்திலும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள், நோட்டில் எழுதுங்கள். என் பத்து நாள் வீணாகாமல் இருந்திருக்க இந்த ஒரு கோடு போதும்.

இலேசாக்கினால் நன்றாகச் சுடலாம் என்பது எல்லோருக்கும் இருக்கும் ஆசை. சர்வதேச விதிகளில் ஏர் பிஸ்டலுக்கு ட்ரிகர் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும். ஏர் ரைபிளுக்கு அப்படிக் கீழ்வரம்பு கிடையாது. விதியில் தடை இல்லையே என்று ஒரேயடியாக இறக்குகிறார்கள். மிக இலேசான ட்ரிகரில் அந்தச் சுவர் விரலுக்குத் தெரியாது. விரலை அதன் மேல் வைத்துக் காத்திருக்க முடியாது. வைத்த உடனே போய்விடும். வீட்டில் சுகமாக இருக்கும். போட்டியில் இதயம் படபடக்கும்போது, உள்ளங்கை ஈரமாக இருக்கும்போது, குறி பொருந்தும் முன்பே சுட்டுவிடும். எங்களோடு பயிற்சி செய்த ஒரு தம்பி இப்படி முதல் ஐந்து சுடுதலில் இரண்டு ஏழு போட்டான். அதற்குப் பிறகு விரலை ட்ரிகரில் வைக்கவே பயந்தான். புதிதாகச் சுடுகிறவர்கள் 100 கிராமுக்கு மேலேயே இருப்பது நல்லது என்பது என் கருத்து.

எடையை அளக்கக் கருவி வாங்க வேண்டும் என்பதில்லை. மளிகைக்கடைத் தராசின் 100 கிராம் எடைக்கல்லைக் கம்பியில் கட்டித் தரையில் வையுங்கள். கம்பியின் மறுமுனையை விசையேற்றிய காலி ரைபிளின் ட்ரிகரில் கொக்கி போட்டு, குழல் மேலே பார்க்கும்படி செங்குத்தாக, மெதுவாகத் தூக்குங்கள். கல் தரையைவிட்டு எழும்பினால் ட்ரிகர் அதற்கு மேலே, எழும்பாமலே விசை விடுபட்டால் அதற்குக் கீழே. ஐந்து தடவை பாருங்கள். ஐந்திலும் ஒரே மாதிரி இல்லை என்றால் எடையைத் திருத்தாதீர்கள், உள்ளே அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது.

அரம் போடுவது பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. சியரில் அரம், உப்புத்தாள், பாலிஷ் கல் எதுவும் படக்கூடாது. கடினப்படுத்திய மேல்தோல் மெல்லியது. அதை உரித்துவிட்டால் உள்ளே இருக்கும் மெதுவான எஃகு சீக்கிரம் தேயும், கோணம் மாறும். ஒருநாள் யாரும் தொடாமலே விசை நழுவும். திருகினால் ஆகிற வேலை வீட்டு வேலை, உலோகத்தை எடுக்கிற வேலை தயாரிப்பாளரின் சர்வீஸ் மையத்துக்கு.

அப்புறம் தேங்காய் எண்ணெய். சிரிக்காதீர்கள், நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். வீட்டில் கைக்கு எட்டுவது அதுதான் என்று ட்ரிகர் பெட்டிக்குள் இரண்டு சொட்டு விடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் தஞ்சாவூரில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ட்ரிகர் சேற்றில் கால் வைத்ததுபோல் நகரும், வெயில் ஏறியதும் சரியாகிவிடும். ஆள் குழம்பிப்போய் மறுபடி திருகைத் திருப்புவார். அறுவடைக் காலத்துத் தூசியும் பதரும் எந்த எண்ணெயிலும் ஒட்டிக்கொண்டு பசையாகும். பெரும்பாலான பந்தய ட்ரிகர்களுக்குக் கையேடு சொல்லும் இடத்தில் ஊசிமுனையளவு போதும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றுக்கு வெளி உலோகத்தைத் துடைத்து எண்ணெய்த் துணி போடுவது வேறு விஷயம், அது அவசியம். காற்று போகும் வழிக்குள் மட்டும் எந்த எண்ணெயும் போகக்கூடாது. அழுத்தத்தில் அது தீப்பிடிக்கும்.

திருகைத் தொட்டு முடித்ததும் உடனே பெல்லட் (குண்டு) போட்டுச் சோதிக்காதீர்கள். காலி ரைபிளை விசையேற்றி, பின்கட்டையை ரப்பர் விரிப்பில் சில முறை லேசாகத் தட்டுங்கள். பக்கவாட்டிலும் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். ஒருமுறை நழுவினாலும் பழைய கோட்டுக்குத் திருப்பிவிடுங்கள். நவீன பந்தய ரைபிளில் வெறும் ட்ரிகர் பயிற்சிக்கென்றே ஒரு நிலை உண்டு. குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் ரைபிளில் அது இல்லை. அதில் பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் நேராகப் போய் மோதிச் சீல் கெடும். அதை இந்தத் தட்டும் சோதனைக்கு உட்படுத்தவே வேண்டாம். குழல் திறந்திருக்கும்போது அதன் ட்ரிகரையும் சோதிக்கக்கூடாது. குழல் படாரென்று மூடும், விரல் போகும்.

அழுத்தக் காற்றுச் சிலிண்டர் மாட்டிய ரைபிள்காரர்கள் வேலையைத் தொடங்கும் முன் சிலிண்டரைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய பிறகும் உள்ளே ஒரு சுடுதலுக்குக் காற்று நிற்கலாம், அதனால் குழல் சுவரையோ மண்மூட்டையையோ பார்த்தே இருக்கட்டும். கூடவே ஒன்று: 200 பார் காற்று நிரப்ப இடம் கிடைக்கவில்லை என்று வெல்டிங் பட்டறை ஆக்சிஜனை ஏற்றுகிற யோசனை யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். சுத்த ஆக்சிஜனும் உள்ளே இருக்கும் துளி மசகும் சேர்ந்தால் வெடிக்கும்.

வேலை முடிந்ததும் சரிபார்த்தேன் என்று காட்டக் கொக்கு, மடையானைக் குறிபார்க்கச் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர் எல்லா ஊரிலும் இருக்கிறார். வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் நமக்குப் பக்கத்திலேயே சரணாலயங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 முதல் இருக்கிறது. அட்டை இலக்கு போதும்.

கடைசியாக, போட்டிக்குப் போகும் முன் ரைபிளை முழுசாக எடை போடுங்கள். உச்ச வரம்பு 5.5 கிலோ. என் பிடியில் ஏற்றிய எபாக்சி மாவைக் கணக்கில் எடுக்காமல் போய், கருவிச் சோதனை மேசையில் தராசு 5.5ஐத் தாண்டி நின்றது. பின்கட்டையின் இரண்டு எடைத் துண்டுகளைக் கழற்றியபிறகுதான் உள்ளே விட்டார்கள். அன்றைக்கு அறுபது சுடுதலும் முன்கனம் கூடிய ரைபிளோடு போயிற்று.