தோட்டத் தொழிற்சங்கத்தைப் பிளாக்செயினில் நடத்த

முதலில் சங்கத்தைப் பதியுங்கள். இலங்கையின் 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி 7 பேர் கையொப்பமிட்டு விண்ணப்பிக்கலாம். சந்தா ரூபாயாக வங்கியிலேயே இருக்கட்டும். தீர்மானங்களும் அவற்றுக்கான வாக்குகளும் வரவுசெலவும் மட்டும் பிளாக்செயினில் ஏறட்டும்; அது பல கணினிகளில் ஒரே படியாக இருக்கும், எவரும் பார்க்கக்கூடிய, எளிதில் மாற்ற முடியாத பொதுப் பதிவேடு.

ஓர் அங்கத்தவருக்கு ஒரு டோக்கன் (வாக்குரிமைக்கான டிஜிட்டல் அடையாளம்), கைமாற்ற முடியாததாக. விற்க விட்டால் காசுள்ளவர் வாக்குகளை வாங்கிக் குவிப்பார்.

ஒப்புதல் சாவிகள் (டிஜிட்டலாகக் கையொப்பமிடும் இரகசியக் குறியீடுகள்) 5 பேரிடம். 3 பேர் ஒப்பினால்தான் தீர்மானம் பதிவாகும். ஐவரும் ஒரே லயத்தவராக (தொழிலாளர் வரிசை வீடுகள்) வேண்டாம், மேல் டிவிசன் கீழ் டிவிசன் என்று பிரியுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவராவது கட்டாயம். சாவி தொலைந்தால் அதை மீட்டுத் தரும் 12 மீட்புச் சொற்களைத் தாளில் எழுதிப் பொலித்தீனில் சுற்றுங்கள், லயக்கூரை ஒழுகும். போனில் படமாக வைத்தால் போனோடு சாவியும் போகும்.

சிக்னல் கிடைக்காத லயங்களுக்காக வாக்கெடுப்பை 7 நாள் திறந்து வையுங்கள். வேலைநிறுத்த வாக்கை மட்டும் சீட்டிலேயே எடுங்கள்: பிளாக்செயினில் ஏறிய வாக்கு யார் கண்ணுக்கும் தெரியும், நிர்வாகத்துக்கும்தான்.