கிட்னி ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படிப்பது எப்படி?

எங்கள் அம்மாவுக்கு 65 வயது, பாம்பனில் கருவாடு விற்கிறார். போன வருஷம் எடுத்த பரிசோதனையில் கிரியாட்டினின் 1.2. சீட்டில் 1.2 வரை நார்மல் என்று அச்சாகியிருந்தது, மடித்து வைத்துவிட்டோம். அது தப்பு.

முதலில், ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய ராத்திரி மீன், கறி வேண்டாம். சமைத்த மீனும் கறியும் கிரியாட்டினினைச் சில மணி நேரம் ஏற்றிக் காட்டும். மீன் இல்லாமல் சோறு இறங்காத கரை நம்முடையது, தெரியும். ஒரு ராத்திரி ரசத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். வாலிநோக்கம் உப்பளத்திலோ கடலிலோ வெயிலில் வறண்டு வந்த கையோடும் போகாதீர்கள். உடம்பில் நீர் குறைந்தால் யூரியா, கிரியாட்டினின் இரண்டுமே கூடும். டாக்டர் அவசரம் என்றால் மட்டும் எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

அடுத்து, கிரியாட்டினினைப் பாருங்கள். இது தசையிலிருந்து வரும் கழிவு, கிட்னி வடிகட்டிச் சிறுநீரில் தள்ளுகிறது. தசை அதிகம் உள்ளவருக்கு அளவு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அதனால் இந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

மூன்றாவதுதான் முக்கியம்: இ.ஜி.எஃப்.ஆர். கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று வயது, பால், கிரியாட்டினின் மூன்றையும் வைத்துப் போடும் கணக்கு. வலை இழுக்கிற 30 வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 1.2 என்றால், 2021-இல் வந்த சூத்திரப்படி சுமார் 83. அதே 1.2 எங்கள் அம்மாவுக்குச் சுமார் 50! இது 60-க்குக் கீழே 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட கிட்னி நோய். ஒரே சீட்டை வைத்து முடிவு கட்டாமல் மறுபடி எடுக்கச் சொல்வது அதனால்தான். சீட்டில் இந்த வரி இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது யூரியா, புரதத்திலிருந்து வரும் கழிவு. பெரும்பாலும் 15 முதல் 40 வரை இருக்கும். ‘பி.யூ.என்.’ (யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும்) என்று போட்டிருந்தால் 2.14-ஆல் பெருக்கினால் யூரியா அளவு கிடைக்கும்.

அப்புறம் பொட்டாசியம், 3.5 முதல் 5 வரை. கிட்னி தளர்ந்தால் இது ஏறும், மிகவும் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். உடம்புச் சூட்டுக்கு இளநீர் கொடுப்பது நம் வழக்கம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். ஏற்கெனவே ஏறியவருக்கு டாக்டரைக் கேட்காமல் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது பழைய சீட்டுகளோடு, இடுப்புவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை கிட்னியைப் பாதிக்கக்கூடியவை. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் எண் மாறும் முன்பே சிலருக்கு அதில் தெரிந்துவிடும்.