தரம் 1 முதல் 3 வரை: சுகாதாரமும் பாதுகாப்பும் பழக்கிக் கொடுப்பது எப்படி?

"வீதியைக் கடக்க முதல் என்ன செய்ய வேணும்?" என்று கேட்டால் தரம் 2 வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "வலம், இடம், வலம் பார்க்க வேணும் டீச்சர்" என்று சொல்லும். அதே பிள்ளை பாடசாலை விட்டதும் எதிர்ப்பக்கத்தில் வாப்பாவின் மோட்டார் சைக்கிளைக் கண்டால் எந்தப் பக்கமும் பாராமல் ஓடும். பிள்ளைக்குச் சொல்லத் தெரியும், உடம்பு பழகவில்லை. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு விதியை மனப்பாடம் செய்விப்பது பாதி வேலைகூட இல்லை. கையும் காலும் வாயும் அதைப் பலமுறை செய்து பார்த்திருக்க வேண்டும், அதுவும் அந்த வேலை நடக்கும் இடத்திலேயே.

ஆகவே ஒரு நேரத்தில் ஒரு பழக்கத்தை மட்டும் எடுங்கள். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடவேளையில் 15 நிமிடம் செய்து காட்டிச் செய்விக்கவும். அடுத்த இரண்டு கிழமைக்குத் தினமும் மூன்று நிமிடம் அதையே மீட்டவும். அதன்பின் கிழமைக்கு ஒருமுறை போதும். "ஓடாதே" என்பதைவிட "சுவரோரமாக நட" என்பது வேலை செய்யும். செய்யக்கூடாததைச் சொன்னால், பதிலுக்கு என்ன செய்வது என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியாது.

கைகழுவல்

குழாய் எட்டாத உயரத்தில் இருந்தால், அல்லது ஒரு குழாய்க்கு அறுபது பிள்ளைகள் இருந்தால், எந்தப் பாடமும் பயன் தராது. காலால் மிதித்துச் சாய்க்கும் கான் ஒன்றை அரை நாளில் செய்துவிடலாம். ஒன்றரை மீற்றர் நீளக் கவர்க்கம்புகள் இரண்டை, ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில், அரை மீற்றர் ஆழத்துக்கு நடவும். ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கானில் மூடியிலிருந்து சுமார் 12 சென்ரிமீற்றர் கீழே, சூடாக்கிய ஆணியால் ஒரு துளை இடவும். கைபிடிக்குள்ளால் ஒரு தடியைச் செருகிக் கவர்களில் வைக்கவும். கானின் கழுத்தில் கட்டிய கயிற்றின் மறுமுனையை நிலத்தில் கிடக்கும் மிதிதடியில் கட்டவும். துளை மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பவும். மிதித்தால் கான் சாய்ந்து நூல் போல் ஒழுகும். தரம் 1 பிள்ளைக்குக் கானின் அடிப்பாகம் நிலத்திலிருந்து 75 சென்ரிமீற்றர் அளவில் இருக்கட்டும். கீழே கல்லும் சரளையும் பரப்பாவிட்டால் இரண்டாம் நாளே சேறாகும், பிள்ளைகள் கிட்டப் போகமாட்டார்கள்.

சவர்க்காரத்தை வெறுமனே வைத்தால் காகம் தூக்கிப்போகும், மழை கரைக்கும். பழைய வலைத்துண்டில் கட்டித் தொங்கவிட்டு, மேலே ஒரு ரின் மூடியைக் கூரையாகப் போடுங்கள். நாள்தோறும் தண்ணீர் நிரப்பும் பொறுப்பு ஒரு குழுவுக்கு, கிழமைக்கொருமுறை மாற்றி. பொறுப்பாளர் இல்லாத கான் மூன்றாம் நாள் காய்ந்து கிடக்கும்.

கழுவும் ஒழுங்கு: நனை, சவர்க்காரம், உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, பெருவிரல், நகம், பிறகு கழுவி உதறு. தேய்ப்பது மட்டும் 20 விநாடி. வேகமாக எண்ணி முடிக்கிற பிள்ளைகள்தான் அதிகம். ஆகவே எண்ணுவதற்குப் பதிலாக இரண்டு வரிப் பாட்டு ஒன்றை நிதானமாக இரண்டுமுறை பாடச் சொல்லுங்கள். பெரும்பாலும் தவறவிடப்படுவது பெருவிரலும் நகநுனியும். அதைப் பிள்ளையே பார்க்க வேண்டுமென்றால், கையில் சில துளி தேங்காயெண்ணெயும் ஒரு சிட்டிகை கறுவாத்தூளும் பூசி, முதலில் வெறும் தண்ணீரால் கழுவவிடுங்கள். தூள் ஒட்டியே நிற்கும். சவர்க்காரம் போட்டதும் போகும், தேய்க்காத இடத்தில் மட்டும் மிஞ்சும். மஞ்சள்தூள் பாவிக்க வேண்டாம்; வெள்ளைச் சீருடையில் கறை பிடித்தால் அடுத்த பாடத்துக்குப் பெற்றோர் விடமாட்டார்கள்.

நகம், பேன் பார்ப்பதைக் காலைக்கூட்டத்தில் எல்லோர் முன்னும் செய்யாதீர்கள். வெட்கப்பட்ட பிள்ளை சுத்தமாவதில்லை, பாடசாலைக்கு வராமல் நிற்கும். பேன் இருந்தால் தாயிடம் தனியாகச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சீவாவிட்டால் திரும்ப வரும்.

வீதி

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் போகும் ஏ4 வீதியோரத்தில் எத்தனையோ பாடசாலைகள் உள்ளன. சுமார் பத்து வயது வரை பிள்ளையால் வரும் வாகனத்தின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்க முடியாது. ஆகவே தரம் 3 வரை பிள்ளையைத் தனியே கடக்கப் பழக்குவது நோக்கமல்ல. ஓரத்தில் நிற்கவும், கை பிடிக்கவும், காத்திருக்கவும் பழக்குவதே நோக்கம்.

முற்றத்தில் சுண்ணாம்பால் வீதி கீறி, சிலரை ஆட்டோவாகவும் பஸ்ஸாகவும் ஓடவிடுங்கள். மூன்று சந்தர்ப்பங்களைக் கட்டாயம் நடிக்கச் செய்யுங்கள். ஒன்று, பஸ்ஸிலிருந்து இறங்குவது: பஸ் போகும்வரை அசையாமல் நிற்க வேண்டும், அதன் முன்னாலோ பின்னாலோ கடக்கக்கூடாது. இரண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து வீட்டார் கூப்பிடுவது: பிள்ளை நிற்க, பெரியவர்தான் கடந்து வரவேண்டும். இதைப் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லுங்கள், கூப்பிடுவது அவர்கள்தான். மூன்று, மழையில் குடையோடு நடப்பது: குடை முகத்தை மறைத்தால் எதுவும் தெரியாது, ஓரத்தில் நின்று குடையை உயர்த்திப் பார்த்த பிறகே அடி எடுத்து வைக்க வேண்டும்.

தண்ணீர்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் குளமும் வாய்க்காலும். வளவுக்கு வளவு கிணறு. மணல், கிரவல் அள்ளிய குழிகள் மாரியில் நிரம்பிக் குளம்போலக் கிடக்கும். கோடையில் விளையாடிய அதே இடம் என்று நினைத்துப் பிள்ளை இறங்கும். இந்தப் பாடத்துக்கு மற்றவற்றைவிட இரட்டிப்பு நேரம் கொடுங்கள்.

முதலில் பெரியவர்களுக்கு ஒன்று: மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டாது. வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கையில் கூப்பிட மூச்சு இருக்காது. "சத்தம் கேட்டால் ஓடிப்போகலாம்" என்று சமையலறையில் நிற்பது ஆபத்து.

பிள்ளைக்குப் பழக்க வேண்டியவை இவ்வளவே. பெரியவர் இல்லாமல் தண்ணீருக்குக் கிட்டப் போகாதே. கிணற்றுக்கட்டில் ஏறாதே, எட்டிப்பார்க்காதே. வாளி விழுந்தால் விழட்டும். கண்டல் பற்றைக் கரையில் முதலை இருக்கலாம், தனியே நிற்காதே. வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்ட நாட்களில் அந்தப் பக்கமே போகாதே, தண்ணீர் கடலுக்கு இழுக்கும்.

கூட்டாளி விழுந்துவிட்டால்? பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் குதிப்பதால்தான் ஒரு வீட்டில் இரண்டு, மூன்று உயிர் போகிறது. "கத்து, நீட்டு, எறி, இறங்காதே" என்ற நான்கு சொற்களையும் அசைவோடு பழக்குங்கள். பெரியவர்களைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும். குப்புறப் படுத்துக்கொண்டு கம்பை நீட்ட வேண்டும். நின்றபடி நீட்டினால் மற்றவரின் பாரம் உள்ளே இழுத்துவிடும். எறிவதற்கு, மூடிய வெற்றுக் கானில் ஆறு மீற்றர் கயிறு கட்டியது போதும். கானுக்குள் நான்கு விரல் தண்ணீர் விடாவிட்டால் காற்றுக்குப் பறந்து பக்கத்தில் விழும். இவை எல்லாவற்றையும் மணலில் கீறிய "குளத்தில்" மட்டும் பழக்கவும், உண்மையான கரையில் அல்ல.

சுனாமி பற்றி: 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. இன்றைய சிறுவர்கள் அதைக் காணவில்லை, ஆனால் வீட்டுச் சுவரில் படம் தொங்குகிறது. இறந்தவர் கதையோ காணொளியோ வகுப்பில் வேண்டாம். "கடல் வற்றினால் ஓடு" என்று மட்டும் படிப்பிப்பதிலும் ஒரு குறை உண்டு. அன்று சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்த நில அதிர்வு இங்கு பெரிதாக உணரப்படவில்லை. பல இடங்களில் கடல் முதலில் வற்றாமலே ஏறி வந்தது, பிறகுதான் உள்வாங்கியது. ஆகவே அடையாளங்களை மூன்றாகச் சொல்லுங்கள்: கடல் வழமைக்கு மாறாக ஏறினால், அல்லது வற்றினால், அல்லது நிலம் நீண்டநேரம் ஆடினால், மீனும் சிப்பியும் பொறுக்காமல் போக வேண்டும். எங்கே போவது என்பது ஊருக்கு ஊர் வேறு; வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் "உள்ளுக்கு ஓடு" என்பது போதாது. உங்கள் பாடசாலைக்குரிய வழியையும் மாடிக் கட்டடத்தையும் கிராம உத்தியோகத்தரிடம் உறுதிசெய்து, தவணைக்கு ஒருமுறை பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போங்கள். முதல் அலை போனதும் திரும்பி வரக்கூடாது என்பதையும் நடையிலேயே சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மாரியும் காடும்

டெங்கு நுளம்பின் முட்டை வளர்ந்து நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். ஆகவே கிழமைக்கு ஒருநாள் தண்ணீரைக் கொட்டினால் சங்கிலி அறும். வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் வளவைச் சுற்றி சிரட்டை, யோகட் கோப்பை, எலி கோதிய குரும்பை ஆகியவற்றை டீச்சரோடு தேடட்டும். கூரைப் பீலி பெரியவர் வேலை. காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் தவிர வேறு வலிமாத்திரை கொடுக்க வேண்டாமென்று பெற்றோருக்குச் சொல்லுங்கள்.

புயல்காற்று திடீரென நின்றால் வெளியே வரக்கூடாது. அது புயலின் அமைதியான நடுப்பகுதி, அதாவது கண்; அது கடந்தபின் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அடிக்கும். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய புயலைக் கண்ட மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

யானை வரும் ஊர்களில் விடியுமுன் தனியே நடக்கவிடாதீர்கள். கண்டால் சத்தமில்லாமல் வந்தவழி திரும்ப வேண்டும், கல்லெறியக்கூடாது. வயல்கரையில் கிடக்கும் பூசணித் துண்டையோ உருண்டையான பொதியையோ தொடக்கூடாது, உள்ளே வெடிமருந்து இருக்கலாம். பாம்பு கடித்தால் ஓடாமல் இருந்து கத்த வேண்டும். கடிவாயைக் கட்டவோ கீறவோ வேண்டாம், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

என் உடம்பு

பலர் தயங்கி விட்டுவிடும் பாடம் இது. "நல்ல தொடுகை, கெட்ட தொடுகை" என்று உணர்வை வைத்துப் பிரித்தால் பிள்ளை குழம்பும். கூச்சம் காட்டிச் சிரிக்கவைத்துக்கொண்டும் தவறு செய்ய முடியும். ஊசி நோகும், ஆனால் தவறல்ல. இடத்தை வைத்துச் சொல்லுங்கள்: உள்ளாடை மறைக்கும் இடத்தை யாரும் தொடவோ பார்க்கவோ படம் எடுக்கவோ கூடாது, அவர்களுடையதைத் தொடச் சொல்லவும் கூடாது. குளிப்பாட்டும் அம்மா, உம்மா, அவர்கள் பக்கத்தில் நிற்கையில் பார்க்கும் டொக்டர் மட்டும் விலக்கு. அந்த உறுப்புகளின் பெயரும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். செல்லப்பெயர் மட்டும் தெரிந்த பிள்ளை சொல்வது கேட்பவருக்கு விளங்காமல் போகும்.

"தெரியாத ஆள்" பற்றி மட்டும் பயமுறுத்துவது பிள்ளையைக் காப்பாற்றாது. தீங்கு செய்பவர் பெரும்பாலும் பிள்ளை அறிந்தவர். மாமா, சாச்சா, அண்ணன், காக்கா, படிப்பிக்கிறவர் யாராக இருந்தாலும் விதி ஒன்றே. கொஞ்ச விரும்பாத பிள்ளையை "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு மகள்" என்று வற்புறுத்தினால், வேண்டாம் என்று சொல்லும் பழக்கத்தை வீட்டாரே கெடுக்கிறார்கள்.

ஒரு கையைத் தாளில் வைத்துக் கீறி, ஐந்து விரலிலும் சொல்லக்கூடிய ஐந்து பெரியவர்களை எழுத வையுங்கள். எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது; ஒருவராவது பாடசாலையில் இருக்க வேண்டும். முதலாமவர் நம்பாவிட்டால் அடுத்த விரல். "வேண்டாம்" என்று உரத்துச் சொல்வது, விலகிப்போவது, போய்ச் சொல்வது ஆகிய மூன்றையும் எழும்பி நின்று பழகட்டும். கத்த முடியாமல் உறைந்துபோன பிள்ளையிலும் தவறில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிள்ளை வந்து சொன்னால்: முகத்தில் அதிர்ச்சி காட்டாதீர்கள். "சொன்னது நல்லது, உன்னில பிழை இல்லை" என்று சொல்லுங்கள். "அவன்தானே?" என்று எடுத்துக் கொடுக்காதீர்கள், மீண்டும் மீண்டும் விசாரிக்காதீர்கள், யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, திகதி நேரத்தோடு எழுதுங்கள். அதிபருக்கு அறிவித்து, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அன்றே அழையுங்கள். மானம் போகும் என்று யாராவது தடுத்தாலும் அழையுங்கள்.

கூடிப் பழகுதல்

சண்டை வந்த பிறகு "மன்னிப்புக் கேள்" என்று இழுத்துவந்து நிறுத்தினால் வாய்தான் கேட்கும். நடந்ததை இருவரும் முறைவைத்துச் சொல்ல, ஒரு சிப்பியைக் கையில் கொடுங்கள். சிப்பி வைத்திருப்பவர் மட்டும் பேசலாம். பிறகு "இப்ப என்ன செய்தா சரியாகும்?" என்று கேட்டுக் காத்திருங்கள். முறைக்குக் காத்திருக்கவும் தோற்கவும் கிளித்தட்டு நன்றாகப் பழக்கும், ஆனால் வென்றவருக்குப் பரிசு வேண்டாம்.

சாப்பாடு பகிர்வதிலும் ஒரு ஒழுங்கு பழக்கலாம்: "வேணுமா?" என்று கேள், வேண்டாமென்றால் வற்புறுத்தாதே. வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாத வீடும், ஹலால் பார்க்கும் வீடும், இறால் ஒவ்வாத பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கலாம். காரணம் கேட்டுச் சிரிக்காமல் "சரி" என்று சொல்லப் பழகினால் போதும்.

பழக்கம் பிடித்ததா என்று பார்க்கக் கேள்வி கேட்காதீர்கள். எதுவும் சொல்லாமல் இடைவேளையில் கானுக்குப் பக்கத்தில் நின்று, பத்துப் பேரில் எத்தனை பேர் தாங்களாகப் பெருவிரலைத் தேய்க்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஏழு பேருக்குக் குறைந்தால் அடுத்த பழக்கத்துக்குப் போகாமல் இன்னொரு கிழமை மீட்டுங்கள். நீண்ட விடுமுறைக்குப் பிறகு எப்போதும் ஒருமுறை எண்ணுங்கள்.