துணி நனைந்தால் நனையட்டும்: பாலக்காட்டுக் கோடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பங்குனி பிறந்தால் கஞ்சிக்கோட்டில் எங்கள் தெருவுக்கு இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்களாவது புதிதாக வந்து சேரும். உருக்காலை வேலை, கம்பெனி வேலை, கட்டட வேலை என்று ஏதாவது ஒன்று. வாளையாறு தாண்டிவிட்டால் கேரளா, பச்சைப் பசேல் என்று குளுகுளுவென இருக்கும் என்ற நினைப்பில்தான் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள். ஒன்பது வருடம் முன்னால் அருப்புக்கோட்டையிலிருந்து நானும் அப்படித்தான் வந்தேன். வீட்டு அட்வான்ஸ் எவ்வளவு, கேஸ் இணைப்பை எப்படி மாற்றுவது என்றெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். இந்த ஊர்க் கோடைமழையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அதனால் அடிபட்டது என் தம்பி. அவனை மாடிக்கு அனுப்பியது நான்.

காகித வேலைகளை முதலில் முடித்துவிடுகிறேன். வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கேஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதைத்தான் கேட்பார்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காகக் கேரள அரசு 2017இல் கொண்டுவந்த ஆவாஸ் காப்பீடு பற்றித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: இங்கே பள்ளி திறப்பதும் பருவமழை இறங்குவதும் ஒரே நேரம், ஜூன் மாதத் தொடக்கம். நம் ஊரில் ஜூன் என்றால் வெயில். இங்கே பையோடு சேர்த்துக் குடையும் வாங்க வேண்டும். மழை கடுமையாக இருந்தால் கலெக்டர் விடுமுறை அறிவிப்பார், அது பெரும்பாலும் முந்தின நாள் ராத்திரியே வந்துவிடும். சரி, அவ்வளவுதான்.

அடுத்தது வெயில். மேற்குத் தொடர்ச்சி மலை இந்த இடத்தில் முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு விட்டுப்போய் இருக்கிறது, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். நம் பக்கத்து வறண்ட காற்று தடுப்பே இல்லாமல் உள்ளே வரும். 2016 ஏப்ரலில் மலம்புழையில் 41.9 டிகிரி பதிவானது. 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கையே கொடுத்தார்கள். அருப்புக்கோட்டை வெயிலில் வளர்ந்தவளுக்கு இது என்ன பெரிய வெயில் என்று முதல் வருடம் நினைத்தேன். நம் ஊரில் வேர்க்கும், உடனே காய்ந்துவிடும். இங்கே சித்திரை நெருங்க நெருங்கக் காற்றில் ஈரம் ஏறிவிடும், வேர்வை காயாது. உடம்பு உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். ராத்திரி பத்து மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடும்.

வெயிலில் நின்று செய்கிற வேலைக்கு, கோடையில் பகல் 12 முதல் 3 மணி வரை இடைவெளி விட வேண்டும் என்று தொழிலாளர் துறை வருடாவருடம் உத்தரவு போடுகிறது. ரோடு வேலை, கட்டட வேலைக்கு வருகிற நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது. காண்டிராக்டர் தானாகச் சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். நம் ஊர்க்காரன் சொன்னதைச் செய்வான், எதிர்த்துப் பேச மாட்டான் என்று இங்கே ஒரு பெயர் இருக்கிறது. இந்த விஷயத்தில் அந்தப் பெயர் நமக்கு வேண்டாம். கூட வேலை செய்கிறவர் வேர்ப்பது நின்று, உடம்பு கொதித்து, சம்பந்தமில்லாமல் உளற ஆரம்பித்தால் அது வெறும் மயக்கம் இல்லை. நிழலில் கிடத்தி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணி வைத்து விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். நினைவு சரியாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

குடிக்க நீச்சத்தண்ணி, மோர். இங்கே மோரில் இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தட்டிப் போட்டுச் சம்பாரம் என்பார்கள், ஒரு டம்ளர் குடித்தால் ஒரு மணி நேரம் தாங்கும். ஹோட்டலில் சிவப்பாக வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் முகம் சுளிக்காதீர்கள். பதிமுகம் என்ற மரத்துண்டைப் போட்டுக் கொதிக்க வைத்தது, அதைத்தான் நம்பிக் குடிக்கலாம். கோடையில் இங்கே மஞ்சள்காமாலை பரவும். கூல்பாரில் ஐஸ் போட்டுக் கொடுக்கிற ஜூஸைவிட அந்தச் சிவப்புத் தண்ணீர் எவ்வளவோ மேல்.

இதெல்லாம் கொஞ்சம் கவனமாக இருந்தால் சமாளிக்கலாம். நான் சொல்ல வந்தது இடி.

கோடையில் காலையெல்லாம் வெயில் கொளுத்தும். மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்கு மலைப்பக்கம் மேகம் மதில் மாதிரி எழும்பும். கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறுவதால் வருகிற மேகம். ஏப்ரல், மே மாதங்களிலும், அப்புறம் அக்டோபர், நவம்பர் துலாமழைக் காலத்திலும் மத்தியானம் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரைதான் மின்னலுக்கான நேரம் என்று பேரிடர் மேலாண்மை ஆணையம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. முதல் வருடம் அந்த அறிவிப்பு மலையாளத்தில் என் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. நான் காதில் வாங்கவில்லை.

நம் ஊரில் மேகம் கறுத்தால் என்ன செய்வோம்? மாடிக்கு ஓடுவோம். வத்தல், வடகம், மிளகாய், துணி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வருவோம். மழையே அபூர்வம் என்பதால் பிள்ளைகள் நனைய ஓடும், நாமும் விட்டுவிடுவோம். அந்தப் பழக்கத்தோடுதான் வந்தேன்.

தம்பி வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. நைட் ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்து, டீ குடித்துக்கொண்டிருந்தான். மணி நாலு இருக்கும். தூரத்தில் இடித்தது, கரண்ட் போய்விட்டது. தெருவில் புழுதி வாசனை, இரண்டு மூன்று பெரிய சொட்டு விழுந்தது. "டேய், துணி நனையுது பாரு, ஓடிப் போய் எடுத்துட்டு வா" என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினான்.

நாங்கள் இருந்தது மாடி வீடு. மேலே மொட்டை மாடியில் இரும்புத் தூண் நட்டு ஷீட் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் துணி காயப்போட ஜிஐ கம்பி கட்டிக் கொடுத்திருந்தார். ஒரு முனை இரும்புத் தூணில், இன்னொரு முனை மாடியை ஒட்டி வளர்ந்திருந்த தென்னை மரத்தில். நல்ல உறுதியான கொடி, பெட்ஷீட் போட்டாலும் தொய்யாது என்று நானே சந்தோஷப்பட்டிருக்கிறேன். தென்னையில் இடி விழுந்தது. அந்தக் கம்பி வழியாக வந்தது. அந்த நேரம் அவன் இடது கை கம்பியில் இருந்தது.

சத்தத்தில் எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. மேலே ஓடினால் தூணுக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடக்கிறான். என் நைட்டி ஒன்று அவன் தோளில் கிடந்தது. உள்ளங்கையில் கம்பி அகலத்துக்கு ஒரு கோடு வெந்திருந்தது. கண் திறந்திருக்கிறது, வாய் அசைகிறது, காலை அசைக்க முடியவில்லை. நான் தொடவில்லை. தொட்டால் எனக்கும் ஷாக் அடிக்கும் என்று நினைத்து, அவனைப் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு நின்றேன். கீழ்வீட்டுச் சேட்டன்தான் ஓடிவந்து அவனைத் தூக்கினார். "தொட்டால் ஒண்ணும் ஆகாது, பிடிக்கு" என்று என்னை அதட்டினார்.

அதனால் இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இடி தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்காது, தொடலாம். முதலில் அவரைக் கூரைக்குள் கொண்டுவாருங்கள். மூச்சும் நாடியும் இல்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்த வேண்டும், ஒருவர் 112க்குக் கூப்பிட வேண்டும். எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும். தம்பிக்குக் கால் மரத்தது ராத்திரிக்குள் சரியானது. காது ஜவ்வு கிழிந்திருந்தது. உள்ளங்கை ஆற இரண்டு மாதம். இப்போதும் அந்தக் கையின் இரண்டு விரல்களுக்குச் சூடு சரியாகத் தெரியாது, டீ டம்ளரை வலது கையால்தான் எடுப்பான். அந்தத் தென்னை மூன்று வாரத்தில் குருத்து காய்ந்து தலை சாய்ந்தது, வெட்டிப் போட்டார்கள்.

இரண்டு விஷயத்தில் நாங்கள் ஏமாந்தோம். ஒன்று, மழை இன்னும் வரவில்லையே என்ற நினைப்பு. மேகம் ஊருக்கு மேலே வருவதற்கு முன்னாலேயே இடி விழும். நாம் துணி எடுக்க ஓடுகிற அந்தப் பத்து நிமிஷம்தான் மோசமான நேரம். மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள். முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உள்ளே வந்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே. மரத்தடி, பைக், ஷீட் போட்ட பஸ் ஸ்டாப் எதுவும் பாதுகாப்பு இல்லை, காலில் ரப்பர் செருப்பு இருக்கிறது என்பதும் கணக்கில்லை. கண்ணாடி ஏற்றிய கார், பஸ் என்றால் உள்ளேயே இருங்கள்.

இன்னொன்று, கரண்ட் போய்விட்டதே, இனி என்ன என்ற நினைப்பு. கரண்ட் இல்லாத ஒயரிலும் இடி வரும். அன்றைக்கு ஃப்ரிட்ஜ், டிவி, கீழே கிணற்று மோட்டார் மூன்றும் போயின. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். டிவியின் கேபிள் ஒயரையும் கழற்றுங்கள். ஆனால் இடி தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கைத் தொடப் போகாதீர்கள், மேகம் எழும்பும்போதே செய்ய வேண்டிய வேலை அது. இடிக்கும்போது குளிப்பது, பாத்திரம் கழுவுவது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழை பார்ப்பது எதுவும் கூடாது. சார்ஜரில் இல்லாத போனைப் பேசலாம். மின்னலை முன்கூட்டிச் சொல்ல தாமினி என்று ஒரு ஆப் இருக்கிறது, புனே வெப்பமண்டல வானிலை நிலையம் செய்தது. என் போனிலும் தம்பி போனிலும் இருக்கிறது.

வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் வருமா, பக்கத்தில் கடை இருக்கிறதா என்று கேட்பீர்கள். மாடிக்குப் போய்க் கொடியையும் பாருங்கள். இரும்புக் கம்பியாக இருந்தால், அதுவும் மரத்தில் கட்டியிருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு மூன்று முறை சொன்ன பிறகுதான் கம்பி இறங்கியது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. இடிமின்னலைக் கேரளம் மாநிலப் பேரிடர்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, பாதிக்கப்பட்டால் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வில்லேஜ் ஆபீசில் மனு கொடுங்கள். கோடைமழையோடு வருகிற காற்றில் ஒயர் அறுந்து கிடந்தால் கிட்டப் போகாமல் 1912க்குச் சொல்லுங்கள்.

வெள்ளத்தைப் பற்றி ஒன்றுதான். இங்கே ஆறு பெருகுவதற்கு உங்கள் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. புழை என்றால் ஆறு. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் புழைக்குத் தண்ணீர் நம் ஆழியாறு அணையிலிருந்து வருகிறது. அங்கே திறந்தால் இங்கே ஏறும். 2024 ஜூலையில் சித்தூரில் ஆற்று நடுவில் மாட்டிக்கொண்ட நாலு பேரைத் தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி மீட்டார்கள். 2018 ஆகஸ்டில் மலம்புழை அணை ஷட்டரைத் திறந்தபோது கல்பாத்திப் புழை பெருகி பாலக்காட்டுத் தாழ்வான தெருக்களுக்குள் வந்தது. துணி துவைக்க, மீன் பிடிக்க, பிள்ளைகளைக் குளிப்பாட்ட ஆற்றில் இறங்குகிறவர்கள் மைக் கட்டிய ஆட்டோ வந்தால் என்ன சொல்கிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஷட்டர் "துறக்குன்னு" என்றால் திறக்கிறார்கள் என்று அர்த்தம். அணைக்கு நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை ஏறும். மழைக்கு மஞ்சளில் தொடங்கும், 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் சிவப்பு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. ஜூன் ஒன்றுதான் மழைக் கணக்கு என்றும் இருக்காதீர்கள், 2025இல் பருவமழை மே 24க்கே வந்துவிட்டது.

கீழ்வீட்டில் ஒரு முத்தச்சி, அதாவது பாட்டி, இருக்கிறார். இடித்தால் அர்ஜுனன் பெயர்களை வரிசையாகச் சொல்வார். எங்கள் அம்மாச்சியும் "அர்ஜுனா, அர்ஜுனா" என்பார். அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு அருப்புக்கோட்டைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஆனால் முத்தச்சி அதைச் சொல்வது வீட்டு நடுவில், சுவரில் சாயாமல், கட்டில் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு.

போன சித்திரையில் எதிர்மாடிக்குச் சாத்தூர்ப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த நாலு கிலோ மிளகாயை மாடியில் காயப் போட்டிருந்தாள். மேகம் எழும்பியதும் கூடையோடு படியேறுகிறாள். நான் ஜன்னலிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். "மிளகாய் போகட்டும், நீ கீழே இறங்கு!" அவள் முகம் சுண்டிப்போய் இறங்கினாள். இரண்டு மணி நேரம் இடித்துப் பெய்தது, மிளகாய் முழுக்க ஊறி வீணானது. மறுநாள் என் டப்பாவிலிருந்து பாதி மிளகாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்பியும் கூட வந்தான், அவள் மாடியிலிருந்த கம்பியை அவன்தான் அவிழ்த்தான்.