ஆம்பூர் செருப்புக் கடையின் இணையதளத்துக்குப் படங்களைச் சுருக்கியது: என் அனுபவம்

போனில் எடுத்த 12 படங்கள், ஒவ்வொன்றும் 4000×3000 பிக்சல், சுமார் 4 எம்பி. பக்கம் ஊர்ந்தது. தளத்தில் அகலத்தைக் குறைத்துக் காட்டினாலும் முழுக் கோப்பும்தான் இறங்கும். பலர் ஏமாறும் இடம் இது.

காட்டும் அகலம் 600 பிக்சல். பிக்சல்கள் நெருக்கமாக உள்ள போன் திரைகளுக்காக இரட்டிப்பாக 1200 வைத்தேன். ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் அளவை மாற்றி, ஜேபெக் என்ற சுருக்கப்பட்ட பட வடிவில் தரம் 78-இல் ஏற்றுமதி செய்ததும் 200 கேபிக்குள் வந்தது. 60-க்கு இறக்கினால் தோலின் மணிமணியான பரப்பு மெழுகுபோல் ஆகிறது; தையல் நூலைச் சுற்றி அழுக்குபோல் புள்ளிகள் தெரிகின்றன. சிவப்பு நூலின் விளிம்பு மங்கினால், தரத்தைத் தொடாமல் நிறத் துணைமாதிரியை (நிறத் தகவலை எவ்வளவு குறைப்பது என்ற அமைப்பு) 4:4:4, அதாவது குறைப்பே இல்லாதது, ஆக்குங்கள்.

அடுத்த தொல்லை நிறம். கோப்புக்குள் பதிந்திருக்கும் கேமரா விவரங்களோடு, நிறங்களை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் நிற விவரத்தையும் அழித்ததால் பழுப்புத் தோல் சாம்பல் பூத்தது. சில போன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற விரிந்த நிறவெளியில் (நிறங்களின் வரம்பு) எடுக்கின்றன. முதலில் இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றி, பிறகே அழிக்க வேண்டும். படம் நிற்கும் திசையும் அந்தக் கேமரா விவரங்களில்தான் இருக்கிறது. முன்பே திருப்பிச் சேமிக்காவிட்டால் செருப்பு பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும்.

சுருக்கிய ஜேபெக்கை மறுபடி சுருக்காதீர்கள், மூலப்படத்திலிருந்தே தொடங்குங்கள். கடைச் சின்னத்துக்கு மட்டும் தரம் குறையாமல் சுருக்கும் பிஎன்ஜி வடிவம்.