சின்ன 'ஓ'விலிருந்து தொடங்குங்கள்: செரிஃப் எழுத்துருக்களை அடையாளம் காண்பது

இருபது வருடமாக ஆங்கிலப் புத்தகங்களுக்கு லேஅவுட் செய்கிறேன். முதல் சில வருடங்கள் எனக்கு எல்லா செரிஃபும் ஒன்றுதான். மெனுவில் கண்ணில் பட்டதை வைத்துவிடுவேன். ஒருமுறை அது கையைச் சுட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எழுத்தின் கோடு முடிகிற இடத்தில் சின்னதாக நீட்டிக்கொண்டிருக்கும் காலுக்குத்தான் செரிஃப் என்று பெயர். அலமாரியிலிருந்து ஓர் ஆங்கில நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போனில் படமெடுத்துப் பெரிதாக்குங்கள்.

முதலில் சின்ன 'ஓ' (o). அதன் வளையம் சுற்றிலும் ஒரே கனத்தில் இருக்காது. எங்கே மெலிகிறது என்று பாருங்கள். கடிகாரத்தில் பதினொன்றும் ஐந்தும் இருக்கிற இடங்களில் மெலிந்தால், அது பட்டை நுனிப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதிய கையின் சாயல். 1470இல் வெனிஸில் நிக்கோலா ஜென்சன் அச்சிட்ட எழுத்து இந்த ரகம். சின்ன 'இ'யின் (e) நடுக்கோடுகூட அதில் சரிந்திருக்கும். கால் நூற்றாண்டு கழித்து, அதே ஊரில் பதிப்பாளர் ஆல்டஸ் மனூசியஸுக்காக ஃப்ரான்செஸ்கோ கிரிஃபோ அச்செழுத்து செதுக்கியபோது அந்தக் கோடு நேராகப் படுத்துவிட்டது.

நடுக்கோடு படுத்திருந்து, 'இ'யின் கண்ணும் சின்ன 'ஏ'யின் (a) வயிறும் ரொம்பச் சிறியதாக இருந்தால் கேரமண்டாக இருக்கலாம். பாரிஸ்காரரான க்ளாட் கேரமண்ட் 1561இல் இறந்தார். ஆனால் அவர் பெயரில் உலவும் எழுத்துருக்களில் பல, 1621இல் எழுத்து மாதிரி வெளியிட்ட ழான் ழனோனுடைய எழுத்தைப் பார்த்துச் செய்தவை. 1926இல் பியட்ரிஸ் வார்ட் இதை எழுதி உடைத்தார், அதுவும் ஓர் ஆணின் புனைபெயரில்! மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு வருகிற கேரமண்டும் ழனோன் வழிதான்.

பெரிய 'ஏ'யின் உச்சியில் இடப்பக்கம் சற்றுக் குடைந்தெடுத்தது போலிருந்தால் காஸ்லன். லண்டனில் வில்லியம் காஸ்லன் 1734இல் மாதிரித் தாள் வெளியிட்டார். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் முதல் அச்சுப் பிரதி இந்த எழுத்தில்தான் வந்தது.

எனக்குப் பிடித்தவர் பர்மிங்ஹாமின் ஜான் பாஸ்கர்வில். கையெழுத்து வாத்தியார், கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டியவர், அரக்குப் பூச்சுச் சாமான் விற்றுக் காசு சேர்த்தவர். மெல்லிய கோட்டை இன்னும் மெலிதாக்க அவருக்கு ஆசை. அன்றைய சொரசொரப்பான தாளில் அது எடுபடாது. அதனால் எழுத்தோடு நிறுத்தாமல் மையைக் கருமையாக்கினார், வழவழப்பான தாளைத் தேடினார், அச்சான தாளைச் சூடான செப்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். 1757இல் அவர் அச்சிட்ட, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் நூல் அப்படிப் பிறந்தது. அடையாளம் சுலபம்: சின்ன 'ஜி'யின் கீழ் வளையம் மூடாமல் திறந்திருக்கும், பெரிய 'க்யூ'வின் வால் வீசியெறிந்ததுபோல் நீளும். 'ஓ' கிட்டத்தட்ட நிமிர்ந்துவிட்டது.

முழுக்க நிமிர்ந்து, சரியாகப் பன்னிரண்டிலும் ஆறிலும் மெலிந்தால், அடுத்து காலைப் பாருங்கள். தண்டிலிருந்து வளைந்து இறங்காமல், தலைமுடி கனத்தில் ஒரு கோடு மட்டும் ஒட்டியிருக்கிறதா? இத்தாலியின் பார்மாவில் இருந்த போடோனியின் எழுத்தாகவோ, பாரிஸின் டீடோ குடும்பத்து எழுத்தாகவோ இருக்கும்.

டைம்ஸ் நியூ ரோமனை எல்லோருக்கும் தெரியும். 1932இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்காக ஸ்டான்லி மோரிசன் திட்டமிட, விக்டர் லார்டன்ட் வரைந்தது. பத்தியில் நிறைய வார்த்தை அடங்கவேண்டும் என்பதால் சற்று நெருக்கமான உடம்பு.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு கவிதைத் தொகுப்புக்கு போடோனி வைத்தேன், 9 பாயின்ட். திரையில் ராஜகளை. மலிவான மேப்லித்தோ தாளில் அச்சாகி வந்தபோது மெல்லிய கோடுகள் பாதி காணாமல் போயிருந்தன. 'இ'யின் நடுக்கோடு விழுந்துவிட்டதால் பக்கம் முழுக்க 'சி'யாக (c) நின்றது. கவிஞர் முதல் வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டினார், அப்படியே 'சி' போட்டு. மறு அச்சுச் செலவு என் தலையில்.

அப்புறம் என் வேலை முறையே மாறிவிட்டது. முதலில் தாள் எது என்று கேட்பேன். மட்டமான தாள் என்றால் காஸ்லன் பக்கம் போவேன், வழவழப்பான தாள் என்றால் பாஸ்கர்வில். போடோனி தலைப்புக்கு மட்டும். முடிவு செய்யுமுன், அச்சாகப்போகிற அதே தாளில், அதே அளவில், ஒரு பக்கத்தை அச்சிட்டு வாங்கி, 'இ'யின் நடுக்கோட்டின்மேல் லென்ஸை வைத்துப் பார்த்துவிடுங்கள்.