மெத்தோட்ரெக்ஸேட்: வாரம் ஒரு நாள் மாத்திரையைத் தப்பில்லாமல் சாப்பிடுவது எப்படி?

முடக்குவாதத்துக்கோ சொரியாசிஸுக்கோ டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்தால், நெட்டில் தேடியதும் வயிறு கலங்கும். புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்துதான். ஆனால் மூட்டுக்குக் கொடுக்கும் அளவு மிகக் குறைவு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை முடக்குவாதத்துக்கு அனுமதித்தது 1988இல்; இன்றும் பெரும்பாலான டாக்டர்கள் முதலில் எழுதுவது இதைத்தான். வார மாத்திரையைத் தெரியாமல் தினமும் போட்டுவிடுவதுதான் என்னைக் கேட்டால் இதில் பெரிய ஆபத்து. ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை முடங்கி, வெள்ளை அணுக்கள் சரிந்து, உயிரே போயிருக்கிறது.

1. கிழமையை முடிவு செய்யுங்கள்

எந்தக் கிழமை என்பதை டாக்டரையே சீட்டில் முழுசாக எழுதச் சொல்லுங்கள். ‘ஓ.டி.’ என்றால் தினம் ஒருமுறை, ‘ஓ.டபிள்யூ.’ என்றால் வாரம் ஒருமுறை. அவசரக் கையெழுத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மாதக் காலண்டரில் அந்தக் கிழமைகளை வட்டம் போட்டு, மாத்திரை போட்டதும் அடித்துவிடுங்கள்.

2. அட்டையைப் படியுங்கள்

கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் தருவார்கள். வாய்ப்புண், குமட்டல் குறைய அது உதவும். ஃபோலிட்ராக்ஸ் என்பது மெத்தோட்ரெக்ஸேட். ஃபோல்வைட் என்பது ஃபோலிக் ஆசிட். பெயரும் கிட்டத்தட்ட ஒன்று, பல சமயம் நிறமும் மஞ்சள்! இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். வார மாத்திரை அட்டையில் கிழமையை மார்க்கரால் எழுதிவையுங்கள். ஃபோலிக் ஆசிட்டை எந்தெந்த நாளில் போடுவது என்பது டாக்டருக்கு டாக்டர் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

மில்லிகிராமையும் பாருங்கள். 15 மி.கி. என்றால் 2.5 மி.கி. மாத்திரை ஆறு. கடையில் அன்றைக்கு 10 மி.கி. அட்டை கொடுத்து, நீங்கள் பழக்கத்தில் ஆறு போட்டால் 60 மி.கி. உள்ளே போய்விடும்.

3. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்

தொடங்கும் முன் ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது), ஹெபடைட்டிஸ் பி, சி பார்ப்பார்கள். முதல் மூன்று மாதம் பொதுவாக 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் இடைவெளி கூடும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது; கல்லீரல் பாதிப்பு வெளியே தெரியாமலே இருக்கும். மருந்து வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும். பொறுமையாக இருங்கள்.

4. சேராதவை

காய்ச்சல், சிறுநீர்த் தொற்று என்று வேறு டாக்டரிடம் போனால் இந்த மருந்தைச் சொல்லுங்கள். செப்ட்ரான் போன்ற கோ-ட்ரைமாக்ஸசோல் ஆன்டிபயாடிக் மாத்திரை இதோடு சேர்ந்தால் மஜ்ஜைக்கே ஆபத்து. வலி மாத்திரையைக் கேட்காமல் கடையில் வாங்காதீர்கள். மதுவை விட்டுவிடுவதுதான் நல்லது. உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி போடும் முன் கேளுங்கள். கர்ப்பிணிகள் தொடவே கூடாது; குழந்தைக்குத் திட்டமிட்டால் சில மாதங்களுக்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும்.

5. எப்போது உடனே போன் செய்வது?

காய்ச்சல், தொண்டை வலி, வாயெல்லாம் புண், காரணமில்லாமல் ரத்தக்கட்டு, கண் மஞ்சளாவது, புதிதாக வறட்டு இருமலும் மூச்சு வாங்கலும். கடும் வாந்தி, பேதி என்றாலும் அடுத்த டோஸுக்கு முன் கேளுங்கள்: தண்ணீர் வற்றினால் சிறுநீரகம் மருந்தை வெளியேற்றத் திணறும்.

6. மறந்துவிட்டால், கூடிவிட்டால்

மறந்து இரண்டு நாளுக்குள் ஞாபகம் வந்தால் பொதுவாகப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். சேர்த்து இரட்டிப்பாகப் போடவே கூடாது.

கூடுதலாகப் போட்டுவிட்டால், ஒன்றும் செய்யவில்லையே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஃபோலினிக் ஆசிட் என்ற முறிவு மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். வீட்டில் இருக்கும் ஃபோலிக் ஆசிட் அதற்கு ஈடாகாது. அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மாத்திரை குறைகிறது என்று அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.